கராஜில் ஒரே ஒரு பிளக்

கும்பகோணம்,
12-1-2026

அன்புள்ள கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பொங்கலுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது; அம்மா நேற்றே மஞ்சள் கொத்துக்கும் கரும்புக்கும் சொல்லி வைத்துவிட்டாள்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு கார் விலைச் சீட்டுகளையும் வரி விடாமல் படித்தேன்: ஒன்று வெறும் பெட்ரோல் வண்டி, இன்னொன்று சுவர் பிளக்கில் செருகி சார்ஜ் செய்து, பெட்ரோலிலும் ஓட்டக்கூடிய பிளக்-இன் ஹைப்ரிட். "எதை வாங்கலாம் என்று ஒரே வரியில் சொல்லுங்கள் அப்பா" என்று கேட்டிருந்தாய். ஒரே வரியில் சொல்வதானால், பிளக்-இன் ஹைப்ரிட் இப்போது உனக்கு வேண்டாம். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி நீ இத்தனை ஆயிரம் டாலர் விஷயத்தை முடிவு செய்யக் கூடாது. போனில் கணக்குச் சொன்னால் மனதில் நிற்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன குளிர்காலத்தில் ஒஹையோவில், கொலம்பஸில் உன் வீட்டில் இருந்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை கராஜில் காருக்குள் வேக்வம் கிளீனர் வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். திடீரென்று எல்லாம் அணைந்துவிட்டது. அந்தக் கராஜில் இருப்பது ஒரே ஒரு சுவர் பிளக். அதில் ஒரு பக்கம் வேக்வம், மறுபக்கம் ஃப்ரீசர். ஃப்ரீசருக்குள் நீ மாதக்கணக்குக்கு வாங்கி அடுக்கிய தேங்காய்த்துருவலும் முருங்கைக்காயும். நான்தான் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து, சுமை கூடினால் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர் விழுந்திருந்ததைத் தூக்கிவிட்டேன். அதன் முனையில் 15 என்று போட்டிருந்தது. 15 ஆம்பியர்.

வண்டியை அங்கே செருகினால், சாதாரண பிளக்குக்கான சார்ஜர் 12 ஆம்பியர் வரை இழுக்கும், அதுவும் இரவு முழுவதும் ஓயாமல். நடுவில் ஃப்ரீசரின் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கினால் பிரேக்கர் மறுபடி விழும். விடிந்து பார்த்தால் பேட்டரியும் நிறைந்திருக்காது, தேங்காயும் இளகியிருக்கும். நம் வீட்டில் எந்த பிளக்கிலும் 230 வோல்ட் வரும். உன் கராஜில் 120 வோல்ட்தான். அதனால் மணிக்கு ஒன்றரை யூனிட்கூட ஏறாது. 240 வோல்ட்டில் தனி லைன் இழுத்தால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அது வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும், எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்க வேண்டும், வீடு மாறும்போது அதை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இனி ஓட்டும் செலவு. முப்பத்திரண்டு வருடம் பணிமனையில் இருந்தவன் நான். எந்த பஸ் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்பதைப் பார்க்காமல் அந்த பஸ்ஸைப் பற்றி நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். நீ கேட்டிருப்பது மாஸ்டா சிஎக்ஸ்-90. அதில் பெட்ரோல் வண்டி கேலனுக்கு 25 மைல், நம் கணக்கில் லிட்டருக்குப் பத்தரை கிலோமீட்டர் சொச்சம். பிளக்-இன் வண்டி மின்சாரத்தில் 26 மைல் ஓடும். அது தீர்ந்து பெட்ரோலுக்கு மாறியதும் அதுவும் கேலனுக்கு அதே 25 மைல்தான். இதை நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.

புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளில் பிளக்-இன் வண்டிக்கு, கேலனுக்கு இத்தனை மைல் என்பதுபோல, 56 என்று பெரிதாக ஓர் எண் போட்டிருக்கும். 25-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் என்றுதான் யாருக்கும் தோன்றும். உனக்கும் அப்படித்தான் தோன்றியது என்று எழுதியிருந்தாய். அந்த 56 பணக்கணக்கு இல்லை கண்ணு, ஆற்றல் கணக்கு. 33.7 யூனிட் மின்சாரத்தை ஒரு கேலன் பெட்ரோலுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டு போட்ட எண் அது. உன் கரண்ட் பில்லில் யூனிட்டுக்கு 17 சென்ட் விழுகிறது என்றாய். அப்படியானால் 33.7 யூனிட்டின் விலை 5 டாலர் 73 சென்ட். உன் தெருமுனை பங்கில் ஒரு கேலன் பெட்ரோல் 3 டாலர் 10 சென்ட்.

இப்போது 100 மைலுக்குப் பார். மின்சாரத்தில் ஏறத்தாழ 60 யூனிட், 10 டாலர் 20 சென்ட். பெட்ரோலில் நான்கு கேலன், 12 டாலர் 40 சென்ட். மிச்சம் 2 டாலர் 20 சென்ட். நீ அலுவலகம் போய்வர தினம் 22 மைல், மாதம் சுமார் 480 மைல். அத்தனையும் மின்சாரத்திலேயே ஓட்டினாலும் மாதம் பத்தரை டாலர், வருடத்துக்கு 127 டாலர் மிச்சமாகும். ஒஹையோவில் பிளக்-இன் ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் பதிவுக் கட்டணத்தோடு வருடம் 150 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். மிச்சம் பிடித்தது அதற்கே போதவில்லை.

இரண்டு சீட்டுக்கும் விலை வித்தியாசம் 8,000 டாலர். அதையும் கடனில் சேர்த்தால், ஏழு சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் சுமார் 158 டாலர் கூடுதல் தவணை. தகுதியான வண்டிகளுக்கு 7,500 டாலர் வரை மத்திய அரசு கொடுத்து வந்த வரிச்சலுகையும் 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. அந்தச் சலுகையை வைத்து உன் தோழி இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்ன கணக்கு இன்றைக்குச் செல்லாது.

கடுங்குளிரில் பேட்டரி தரும் தூரம் குறையும். பல பிளக்-இன் வண்டிகளில் ஹீட்டரைப் போட்டால் இன்ஜினும் கூடவே ஓடத் தொடங்கிவிடும். பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு நீங்கள் போகும் தூரம் ஏறத்தாழ 190 மைல். முதல் 26 மைலுக்கு அப்பால், பேட்டரியையும் சுமந்துகொண்டு பெட்ரோலில்தான் போக வேண்டும்.

பிளக்-இன் ஹைப்ரிட் மோசமான இயந்திரம் என்று நான் சொல்லவில்லை. டொயோட்டாவின் ராவ்4 பிரைம் மின்சாரத்திலேயே 42 மைல் போகும், 100 மைலுக்கு 36 யூனிட்தான் சாப்பிடும். சொந்த வீடும் கராஜில் தனி லைனும் இருக்கிறவர்களுக்கு அருமையான வண்டி. அதில் மூன்றாவது வரிசை இல்லை. நாங்கள் வந்தால் ஆறு பேர், அதனால்தான் அதை விட்டேன்.

பேத்தி என்னிடம், "தாத்தா, புகை இல்லாத கார் வாங்கச் சொல்லுங்கள்" என்று போனில் சொன்னாள். அந்தக் குழந்தை சொன்னது என் மனதில் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் டீசல் புகையில் நின்றவனுக்கு அவள் கேட்பதன் அருமை தெரியும். அதனால் மூன்றாவதாக ஒன்றையும் பார்த்தேன்: ஓடும்போதே தன் பேட்டரியைத் தானே நிரப்பிக்கொள்ளும், பிளக் தேவைப்படாத ஹைப்ரிட். டொயோட்டா ஹைலேண்டர் ஹைப்ரிட், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, கேலனுக்கு 35 மைல் தருகிறது. மாதம் ஆயிரம் மைல் ஓட்டினால் சிஎக்ஸ்-90 பெட்ரோல் வண்டியைவிடப் பதினொரு கேலனுக்கு மேல் மிச்சம், 35 டாலர். எந்தப் பிளக்கையும் தேட வேண்டாம், எந்த இரவும் செருக மறந்துவிட்டோமே என்று தவிக்க வேண்டாம். ஹைப்ரிட்டுக்கு ஒஹையோவில் கூடுதல் கட்டணம் 100 டாலர்; அதைக் கழித்தாலும் வருடத்துக்கு முந்நூறு டாலருக்குமேல் கையில் நிற்கும். புகையும் அந்த அளவுக்குக் குறையும்.

புதிதாக வாங்க வேண்டாம். மூன்று, நான்கு வருடம் ஓடிய வண்டியைத் தேடு. 2020 மாடலிலிருந்து டொயோட்டா தன் ஹைப்ரிட் பேட்டரிக்கு 10 வருடம் அல்லது 150,000 மைல் உத்தரவாதம் தருகிறது; வண்டி கைமாறினாலும் அது தொடரும். உன் பட்ஜெட்டுக்குள் நல்லதாக ஒன்று கிடைக்கவில்லை என்றால் தயங்காமல் பெட்ரோல் வண்டியையே வாங்கு. அதில் ஒரு குறையும் இல்லை. கையில் மிஞ்சும் பணம் வீட்டுக்கு முன்பணமாகச் சேரட்டும். நாளைக்குச் சொந்தக் கராஜ் வந்த பிறகு பிளக்-இன் பற்றி மறுபடி பேசலாம்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்த்து மயங்கிவிடாதே. விற்பவரைச் சேராத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல். உங்கள் ஊரில் பனிக்காகச் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். துரு பிடிப்பது கீழேதான். பிரேக் குழாய்களைத் தொட்டுப் பார்க்கச் சொல். ஹைப்ரிட் என்றால் இரண்டாவது வரிசை இருக்கையின் அடியில் பேட்டரிக்குக் காற்றுப் போகும் துளைகள் இருக்கும். அதற்குள் பிஸ்கட் தூளும் நாய் முடியும் அடைத்திருந்தால் அந்த வீட்டில் வண்டியை எப்படி வைத்திருந்தார்கள் என்பது தெரிந்துவிடும். வாங்கிய பிறகு நம் பிள்ளைகளும் அங்கே துணியைப் போட்டு மூடாமல் பார்த்துக்கொள். 17 இலக்க வண்டி எண்ணை அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் தளத்தில் போட்டு, முடிக்காத ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனி விடுத்த அழைப்பு, ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

ஓட்டிப் பார்க்கும்போது முன்னால் மட்டும் உட்காராதே. இரண்டாவது இருக்கையை மடித்து, மூன்றாவது வரிசைக்குள் நீயே ஒரு தடவை ஏறி இறங்கு. மே மாதம் நாங்கள் வரும்போது பேரப்பிள்ளைகளோடு பின்னால்தான் உட்காருவேன் என்று அம்மா பிடிவாதமாகச் சொல்கிறாள். அவளுக்கு இடது முழங்கால் இன்னும் முழுதாக மடங்கவில்லை. படி எவ்வளவு உயரம், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எங்கே என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா