ஹட்டன் டவுன் கடையில ஒதவி செஞ்ச அண்ணனுக்கு நன்றி

அண்ணே, பேர் கேக்குறதுக்குள்ள பஸ் ஏறிட்டீங்க, அதான் இங்க எழுதுறேன். தங்கச்சியோட ப்ராஜெக்ட்டு தேயிலை கொழுந்துல வர்ற கொப்புள நோய் பத்தி, எலைய ஃபோட்டோ புடிச்சு, படத்த அளக்குற ஃபிஜிங்கிற சாஃப்ட்வேர்ல புள்ளியோட பரப்பு அளக்கணும், ஆனா அதுக்கு வேண்டிய ப்ளகின், அதாவது சாஃப்ட்வேரோட சேக்குற கூடுதல் வசதி, எறங்கவே இல்ல, அப்டேட் பாதியில எரர் காட்டி நின்னுக்கிட்டே இருந்திச்சு, புள்ள அழுற நெலமைக்கு வந்துட்டா.

ப்ரிண்ட் எடுக்க வந்த நீங்க பக்கத்துல உக்காந்து, ஃபிஜி ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ள இருந்தா விண்டோஸ் லேசுல எழுத விடாதும்மான்னு சொல்லி ஃபிஜியோட முழு ஃபோல்டரையும் டாக்குமென்ட்ஸுக்கு மாத்த வெச்சீங்க. பொறகு ஹெல்ப், அப்டேட், அப்டேட் சைட்ஸ்ல ஒரு டிக், ஃபிஜிய மூடி தொறந்தா மெனுவுல ப்ளகின் பேரு நிக்குது! மவுஸ அவ கையிலயே விட்டுட்டு ஒவ்வொண்ணும் ஏன்னு சொல்லிக் குடுத்தீங்களே, அதுதாண்ணே பெருசு. ஒரு ப்ளேன்டீ கூட குடிக்கல நீங்க. ரொம்ப நன்றிண்ணே, நல்லா இருக்கணும்.