நாற்சார் வீட்டுக் கூரை பற்றி மகளுக்கு

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகமாக ஊர் திரும்பிவிட்டோம். முழங்கால் வலி என்று முனகிக்கொண்டே வந்தாலும், செட்டிநாடு முழுக்க அம்மா எனக்கு முன்னால்தான் நடந்தாள்.

கானாடுகாத்தானில் தெருவுக்குத் தெரு அரண்மனை போல வீடுகள். பலவற்றுக்குப் பூட்டு. நம் செட்டியார் தெருவில் நீ நகைக்கடைகளைத்தான் பார்த்திருப்பாய். ஒரு காலத்தில் அங்கே வட்டிக்கடை வைத்திருந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஆடிவேல் விழா ஊர்வலம் புறப்படும் கதிரேசன் கோயில்களும் அவர்கள் எழுப்பியவையே. இலங்கையிலும் பர்மாவிலும் மலாயாவிலும் சேர்த்த பணம் இங்கே தேக்குத் தூணும் இத்தாலிச் சலவைக்கல்லுமாக நிற்கிறது. 1930களின் பொருளாதார மந்தமும், 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததும் அந்த வருமானத்தை முறித்துவிட்டன.

ஒரு வீட்டுக்குள் போனோம். திண்ணை, முகப்பு, அதைத் தாண்டி வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் மணமான மகன்மாருக்கு ஆளுக்கோர் அறை. "நம் வட்டுக்கோட்டை வீடேதான், கொஞ்சம் பணம் கூடிப்போயிற்று" என்றாள் அம்மா, யாழ்ப்பாணத்து நம் நாற்சார் வீட்டை நினைத்து. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுவரைத் தொட்டேன். அந்த வெயிலிலும் குளிர்ந்தது. நம் பெயின்ட் கடைக்காரர்களை ஒருமுறை அனுப்பிவைக்க வேண்டும்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்த்தோம். கண்ணாடித் துண்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சீமெந்துக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் பூ அப்படியே நிற்கிறது. அதன்மேல் மணலும் சீமெந்தும் இட்டுக் காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது.

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நிலையோடு பெயர்த்த கதவு ஒன்று. நடுவில் கஜலட்சுமி, அவள் கழுத்தில் விலைச்சீட்டு. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர், ஆளுக்கொரு நாட்டில். ஓடு மாற்ற ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் கடிதத்துக்கே பதில் போடுவதில்லையாம். கடைசியில் வீட்டைப் பிரித்து விற்பதற்கு மட்டும் எல்லோரும் ஒன்றுகூடுகிறார்கள். 2014இல் இந்தியா இந்த ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேச மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் வந்து ஓடு மாற்றப்போவதில்லை.

இனி நம் கதைக்கு வருகிறேன். வட்டுக்கோட்டை வீட்டின் மேற்குத் தாழ்வாரம் இறங்கிவிட்டது. என் பங்கைச் சீதனமாக உன் பேரில் எழுதியாயிற்று. மற்றவை பாரிஸில் இருக்கும் அத்தைக்கும் பெரியப்பாவின் பிள்ளைகளுக்கும். அத்தை சம்மதித்துவிட்டாள். பெரியப்பாவின் பிள்ளைகள் விற்கலாம் என்கிறார்கள். நான் பேசினால் உபதேசம் என்பார்கள்; நீ பேசு. உன் சார்பில் இங்கே கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை இந்த மாதமே அனுப்பினால், ஐப்பசி மழைக்கு முன் கூரையைப் பிரித்து மேய்ந்துவிடலாம்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடவேண்டும் என்று அம்மா உன்னிடம் தனியாகச் சொல்லுவாள். தலையாட்டாதே. கப்பல் கூலிக்கே இன்னொரு கூரை போடலாம்.

அன்புடன்,
அப்பா