சின்ன கம்பெனி லேப் வாசல்ல நின்னா சிப் ஷேரும் நிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பங்குச்சந்தை பக்கத்துல சிப் ஷேருங்க பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். ஏஐ, என்விடியா, தைவான்னு எல்லாமே இருந்துச்சு, ஆனா சிப்பை வாங்கி பொருளாக்கி விக்கிற சின்ன கம்பெனிங்கள பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் கோவைல சிசிடிவி தொழில்ல இருக்கேன், அதனால தெரிஞ்ச கேமரா விஷயத்தையே சொல்றேன்.

2025 ஏப்ரல் 9ல இருந்து இன்டர்நெட்ல கனெக்ட் ஆகுற எந்த சிசிடிவி கேமராவா இருந்தாலும் அரசு அங்கீகாரம் உள்ள லேப்ல செக்யூரிட்டி டெஸ்ட் பாஸ் ஆனாதான் இங்க விக்க முடியும். சோர்ஸ் கோடு, அதாவது சாஃப்ட்வேரோட மூல வரிகளைக் கேப்பாங்க, போர்டுல டீபக் போர்ட் (பழுது பாக்க உள்ள நுழையிற வழி) தொறந்து கிடக்கான்னு பாப்பாங்க, உள்ள இருக்குற சிப் எங்கருந்து வந்துச்சுன்னு கூட காட்டணும். விதி சரிதான், நம்ம வீட்டுக்குள்ள பாக்குற பொருள், கண்டிப்பா வேணும். ஆனா அந்த மே மாசக் கடைசில 342 விண்ணப்பம் நிலுவைல இருந்துச்சு, டெஸ்ட் முடிஞ்சது 35தான், இருந்த 15 லேபும் சேந்து ஒரே நேரத்துல 28 விண்ணப்பம்தான் பாக்க முடியும்னு செய்தி வந்துச்சு. இதுல பெரிய கம்பெனிக்கு சொந்தமா இன்ஜினியருங்க இருக்காங்க, சமாளிச்சிடுவாங்க. சின்ன பிராண்டுக்காரங்க பலபேர் சீனாவோட ஷென்சென்ல இருந்து ரெடிமேடா வாங்கி பேர் மட்டும் ஒட்டுறவங்க, சோர்ஸ் கோடு அவங்க கைலயே இல்ல, அங்க தயாரிக்கிறவன் குடுத்தாதான் இவங்க விண்ணப்பமே போட முடியும்.

இப்போ ஷேருக்கு வரேன். நோவாடெக், சிக்மாஸ்டார், அம்பரெல்லா மாதிரி கேமரா சிப் போடுற கம்பெனிங்க எல்லாம் பங்குச்சந்தைல லிஸ்ட் ஆனவங்க. 2019 அக்டோபர்ல அமெரிக்கா சீனக் கேமரா கம்பெனிங்களான ஹிக்விஷனையும் தாஹுவாவையும் தடைப் பட்டியல்ல சேத்ததும் அம்பரெல்லா ஷேர் உடனே அடி வாங்குச்சு, ஏன்னா அவங்க அம்பரெல்லாவோட சிப் வாங்குற பெரிய கஸ்டமருங்க, எல்லாருக்கும் தெரிஞ்ச செய்தி. சின்ன கம்பெனி சர்டிபிகேட்டுக்கு மாசக்கணக்கா காத்திருந்தா எந்த டிவிலயும் வராது. அவன் புது ஆர்டர் போட மாட்டான், டிஸ்ட்ரிபியூட்டர் குடோன்ல சிப் தேங்கும், தேங்குனத வித்து முடிக்கிற வரைக்கும் அவரும் மேல ஆர்டர் குடுக்க மாட்டாரு, கடைசில ஒண்ணு ரெண்டு குவார்ட்டர் (மூணு மாசக் கணக்கு) கழிச்சுதான் சிப் கம்பெனி ரிசல்ட்ல அது தெரியும். அப்போ அனலிஸ்டுங்க டிமாண்ட் இல்லன்னு எழுதுவாங்க. வேற சிப்புக்கு மாறலாமேன்னு கேக்கலாம், ஆனா சிப் மாத்துனா ஃபர்ம்வேர், அதாவது கேமராவுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர் மாறும், ஃபர்ம்வேர் மாறுனா திரும்ப லேப் வாசல்ல நிக்கணும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. சர்டிபிகேட் எல்லாம் மொத்தமா கைக்கு வரும்போது ஆர்டரும் மொத்தமா போகும், அந்த குவார்ட்டர் பிரமாதமா தெரியும், அத பாத்து ஏறுன விலைல நம்மாளுங்க வாங்கி மாட்டுவாங்க. க்யூவுல முன்னாடி நிக்கிறவங்களுக்கு மார்க்கெட் என்ன விலை குடுக்குதுன்னு 2025 ஆகஸ்ட்லயே பாத்தோம், சிபி பிளஸ் கேமரா விக்கிற ஆதித்யா இன்ஃபோடெக் 675 ரூபா ஷேர் முதல் நாளே ஆயிரத்துக்கு மேல லிஸ்ட் ஆச்சு.

அதனால அடுத்த தடவ சிப் ஷேர் பத்தி எழுதும்போது உங்க நிருபர் அந்த லேப்கள்ல எத்தன விண்ணப்பம் நிக்குதுன்னும் விசாரிச்சு போடட்டும். நிலுவை கணக்கு அரசு வெப்சைட்லயே வந்துச்சு, எடுக்குறது ஒண்ணும் கஷ்டமில்ல.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கோவை