குன்னூர் ஆற்றங்கரை ரயில் வளாகம்: நகராட்சிக்கும் ரயில்வேக்கும் ஒரு திறந்த மடல்

குன்னூர் நகர்மன்றத்தாருக்கும் சேலம் ரயில்வே கோட்ட அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கீழ்க்குன்னூரின் தாழ்வான ஆற்றோரத்தில் ரயில் நிலையம், நீராவி எஞ்சின் பணிமனை, பேருந்து நிலையம், கடைவீதி எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. இவற்றுள் 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்த மலை ரயிலின் வளாகத்தை வெள்ளத்திலிருந்து எவ்வாறு காப்பது என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

பணிமனையை மேட்டுக்கு மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் கல்லாறு–குன்னூர் பகுதியில் மட்டுமே பல்சட்டத் தண்டவாளம், அதாவது எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்கான பற்கள் கொண்ட சட்டம், இருக்கிறது. அதில் ஏறிவரும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் குன்னூரில்தான் டீசல் எஞ்சினுக்கு வழிவிடுகின்றன. எனவே பணிமனை இங்கே இருப்பது பாதையின் அமைப்பிலிருந்தே வந்தது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ரயிலைத்தான்.

கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கு ஆடி மழையைவிட ஐப்பசி, கார்த்திகை மழையே ஆபத்தானது. 2009 நவம்பரில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மழை மலை ரயில் பாதையையும் சிதைத்தது. அத்தகைய மழை மறுபடி வந்தால், தாழ்ந்த நிலத்தில் எஞ்சின்களின் அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கும் குழிகளில்தான் முதலில் நீர் தேங்கும். அவற்றுக்குத் தனி வடிகாலும், மின்பெட்டிகளையும் உதிரிபாகங்களையும் உயரத்தில் வைக்க ஏற்பாடும் வேண்டும். இவை பெருஞ்செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல.

ஆற்றைப் பொறுத்தவரை, ரயில்வே நிலத்தோரம் மட்டும் உயரமான கான்கிரீட் சுவர் எழுப்புவதை நான் ஏற்கவில்லை. ஒடுங்கிய ஆறு வேகமெடுத்து எதிர்க்கரைக் கடைகளுக்குள் புகும். பாரம்பரியத்தின் பெயரால் வியாபாரிகளை மூழ்கடிப்பது நியாயமாகாது. ஆற்றின் பழைய அகலத்தை மீட்பதே சரியான வழி. அதற்காக அகற்றப்படும் கடைகளின் உரிமையாளர்களுக்கு, இடிப்பதற்கு முன்பே, நகருக்குள்ளேயே மாற்றிடம் தந்தாக வேண்டும். மேல்பகுதித் தோட்டங்களிலிருந்தும் கட்டுமான இடங்களிலிருந்தும் அடித்துவரும் மண் பாலங்களின் அடியில் படிவதால், தூர்வாரும் பணியை ஊருக்குள் மட்டும் செய்தால் ஒரே மழையில் வீணாகிவிடும்.

ஆறு ஒரு துறையிடமும், தண்டவாளம் இன்னொரு துறையிடமும், சந்தை நகராட்சியிடமும் இருக்கின்றன. ஆனால் வெள்ளம் இந்த எல்லைகளைப் பார்த்து வருவதில்லை. ஆகவே நீர்வளத் துறையையும் சேர்த்துக்கொண்டு, வரும் புரட்டாசிக்குள் கூட்டாகக் கள ஆய்வு நடத்தி, ஆற்றின் எல்லையையும் வெள்ளம் ஏறக்கூடிய உயரத்தையும் குறித்த வரைபடத்தைத் தமிழில் நகராட்சி அலுவலகத்திலும் ரயில் நிலையத்திலும் மக்கள் பார்வைக்கு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குன்னூர்வாசி ஒருவர்