தங்கமீன் படத்தை ஏன் போட்டீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் ஏரி குளங்களைக் கெடுக்கும் அயல்நாட்டு மீன்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுத வேண்டிய விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு தங்கமீன் படம். அதற்குக் கீழே, “அலுத்ததும் ஏரியில் கொட்டிவிடும் இவர்கள் கையில் மீன் இருப்பதையே அரசு தடை செய்ய வேண்டும்” என்று ஒரு வரி. இவர்கள் என்றால் எவர்கள் என்று கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வண்ணமீன் வியாபாரம் நடக்கும் சென்னை கொளத்தூரின் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. சரி, நம்மைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

நான் கொளத்தூரில் 31 வருடமாக வண்ணமீன் வளர்த்து விற்பவன். என் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கல்லூரிக் கட்டணம் எல்லாம் கப்பியும் மோலியும் தங்கமீனும் கொடுத்தவை. உங்கள் பத்திரிகைக்குச் சந்தா கட்டிய பணமும் அதுதான்.

முதலில் அந்தத் தங்கமீன். அமெரிக்காவில் மின்னசோட்டா பக்கம் ஏரியில் விட்ட தங்கமீன் கால்பந்து அளவுக்கு வளர்ந்து கிடந்தது என்று 2021-ல் செய்தி வந்தது. நானும் படித்தேன். அது குளிர்ந்த ஏரி. நம் ஊர் ஏரியில், வாலை விசிறிக்கொண்டு ஆடி அசைந்து போகிற அந்த ஆரஞ்சு நிற மீனை விடுங்கள். பொழுது சாய்வதற்குள் விராலோ கொக்கோ முடித்துவிடும். படத்தில் இருக்க வேண்டியது டேங்க் கிளீனர். கடையில் சக்கர் என்றும் சொல்வோம். அதன் படத்தைப் போட்டிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

தென் அமெரிக்க மீன் அது. உடம்பு முழுக்கச் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடு. இரண்டு அங்குலக் குஞ்சாக வாங்கிப் போவார்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியை உறிஞ்சும், குழந்தைகளுக்கு வேடிக்கை. அது ஒன்றரை அடி வளரும் என்று வாங்குகிறவருக்குச் சொல்கிற கடைக்காரர் குறைவு. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பதே பாதிப் பொய். பெரிதானால் அது போடுகிற கழிவை அள்ளவே தனியாக ஒரு டேங்க் கிளீனர் வேண்டும். ஏரிக்குப் போனால் கரையில் வளை தோண்டி முட்டை வைக்கும். தண்ணீர் கெட்டாலும் காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்து ஏரியில் வலை போடுகிறவர் ஒருவர் எனக்குப் பழக்கம். துடுப்பு முள் மாட்டி வலை கிழிகிறது, எடுத்தால் வாங்க ஆளில்லை, கரையில் வீசினால் மறுநாள் காலையிலும் வாயை அசைக்கிறது என்று என்னிடம்தான் வந்து திட்டுவார். திட்ட அவருக்கு உரிமை இருக்கிறது. வலையின் விலை அவருக்குத்தான் தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் கீழ்த் தொட்டிகளுக்கு மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. இருந்ததெல்லாம் போயிற்று. அதில் விற்பனைக்கு வாங்கி வைத்த டேங்க் கிளீனர் குஞ்சு நூறாவது இருந்திருக்கும். அன்றோடு அந்த மீனை வாங்கி விற்பதை நிறுத்திவிட்டேன். யாரும் சட்டம் போட்டு நிறுத்தவில்லை. வெள்ள நிவாரணம் கேட்டுப் போன இடத்தில், “மீனுக்கெல்லாம் கிடையாது, மாடு இருந்ததா?” என்று கேட்டதும் அதே மாதம்தான். அது வேறு கதை.

தனி ஆட்கள் கையில் மீன் இருப்பதால்தான் கேடு என்கிறாரே கட்டுரையாளர், அவரிடம் சில கேள்விகள். 1952-ல் ஜிலேபி மீனை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்குத் தருவித்தது எந்தப் பொழுதுபோக்குக்காரர்? இன்று எந்தக் குளத்தில் வலையை இழுத்தாலும் அதுதானே வருகிறது? கொசுவை ஒழிக்கிறோம் என்று 1928-லேயே கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனைக் கொண்டுவந்து, பிறகு கிணறு கிணறாக விட்டது யார்? சீமைக் கருவேலம் யார் வீட்டு மாடித் தோட்டத்திலிருந்து தப்பித்து வந்தது? ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 2000-லேயே மத்திய அரசு தடை போட்டது. தடை அப்படியே இருக்கிறது, கெளுத்தியும் அப்படியே இருக்கிறது. அவ்வப்போது அதிகாரிகள் குட்டையைப் பிடித்து மருந்தடித்து அழிக்கிற படம் உங்கள் பத்திரிகையிலேயே வரும். அந்தக் கெளுத்தி கண்ணாடித் தொட்டிக்கு வந்ததல்ல, சாப்பாட்டுக்கு வந்தது.

சாப்பாடு என்றதும் விரால் நினைவுக்கு வருகிறது. நாம் குழம்புக்கு என்ன விலை சொன்னாலும் வாங்குகிற விரால் இனத்தை உயிரோடு இறக்குமதி செய்ய 2002-ல் அமெரிக்கா தடை போட்டது. மேரிலாந்தில் ஒருவர் நோயில் கிடந்த சகோதரிக்கு சூப் வைக்க உயிர் மீன் இரண்டு வாங்கினார். மீன் வந்து சேர்வதற்குள் சகோதரிக்கு உடம்பு தேறிவிட்டது. தொட்டியில் வளர்த்துப் பார்த்தார், தீனி போட்டு மாளாமல் குட்டையில் விட்டார், அது பெருகிவிட்டது.   நம் ஊரிலோ ஏரியில் விடுகிறவர்கள் பலருக்குக் காரணம் வெறும் இரக்கம். “பாவம், பிழைச்சுப் போகட்டும்” என்று கும்பிட்டுவிட்டு விடுகிறார்கள்.

மொத்தமாகத் தடை என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்களுக்கு வயிறு கலங்குவதற்குக் காரணம் உண்டு. 2017-ல் மீன் கடைகளுக்கென்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதிகள் கொண்டுவந்தது. இன்னின்ன மீனைக் காட்சிக்கு வைக்கக் கூடாது, விற்கக் கூடாது என்று நீளப் பட்டியல். பிறகு அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இடையில் முடங்கிக் கிடந்த வியாபாரத்தைத் திருப்பித் தந்தவர் யாருமில்லை. அதற்கு முன்பு மின்வெட்டுக் காலம். காற்று மோட்டார் நின்று விடிவதற்குள் தொட்டி தொட்டியாக மீன் மிதந்தது. அப்போதெல்லாம் உங்களுக்கு எழுதினேன். மூன்று கடிதம். ஒன்றும் வரவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கும்.

புதுச் சட்டம் வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். ஆசிரியர் அவர்களுக்குத் தெரியாதது அல்ல: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல் வந்த திருத்தத்திலேயே, கேடு செய்யும் அயல் இனங்களை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. எந்த மீன் என்று பெயர் சொல்லித் தடுக்கட்டும். டேங்க் கிளீனர், முதலை போல வாய் நீண்ட ‘கார்’ என்ற மீன் என்று பட்டியல் வரட்டும், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். இங்கிலாந்தில் 1998-லேயே இன்னின்ன மீனுக்கு உரிமம் வேண்டும் என்று பெயர் குறித்துவிட்டார்கள். பெயரைக் குறிக்காமல், மூன்று கப்பி வைத்திருக்கும் பள்ளிக்கூடப் பையனையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்குவதற்குப் பெயர் சோம்பல்.

வேண்டாத மீனை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? இந்தக் கேள்விக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தற்சமயம் அவை என் வாசலுக்கு வருகின்றன. பிளாஸ்டிக் வாளியில் வைத்துவிட்டு, பெல் அடித்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். பின்கட்டில் ஒரு சிமென்ட் தொட்டியே அதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். டேங்க் கிளீனர் ஆறு, பிரானா என்று சொல்லி யாரோ விற்ற, அதைப் போலவே இருக்கும் ‘பாக்கு’ என்ற மீன் இரண்டு. சோறு போட்டு மாளவில்லை, என் மனைவிக்கு அந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாது.

நான் கேட்பது இரண்டே. அடுத்த ஞாயிறு மலரில், படத்தில் இருந்தது தங்கமீன், அந்தக் கட்டுரையில் சொன்ன மீன் அதுவல்ல என்று ஒரு திருத்தம். அதோடு, வளர்க்க முடியாத மீனை ஏரியில் விடாமல் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஒரு வரி. சரியான படம் வேண்டுமானால் உங்கள் புகைப்படக்காரரை அனுப்புங்கள். பின்கட்டில் ஆறு இருக்கின்றன. எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், மீனை மட்டும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
கொளத்தூர் வண்ணமீன் பண்ணைக்காரர் ஒருவர்