மகஜரிலேயே தோற்றுப்போகும் கொலை வழக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றிருந்தவரை 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று, சென்னையில் 2017-இல் 7 வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கிலும் தூக்குத் தண்டனை ரத்தானது. இரண்டிலும் 2018-இல் விசாரணை நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. விடுதலைச் செய்தி வந்ததும் "சட்டத்தின் ஓட்டையில் தப்பிவிட்டார்கள்" என்ற பேச்சே எங்கும் கேட்டது. தீர்ப்புகளைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒன்றில் மரபணு மாதிரி எங்கே, யார் கையில் இருந்தது என்பதற்குக் கணக்கில்லை. மற்றொன்றில் சிசிடிவி பதிவு முறைப்படி நிரூபிக்கப்படவில்லை, தற்காப்புக்குப் போதிய வாய்ப்பும் தரப்படவில்லை. குற்றம் செய்தவர் அவர்தான் என்றால் நழுவவிட்டது புலன்விசாரணை. அவர் இல்லை என்றால் ஏழு ஆண்டுகள் ஒரு நிரபராதி தூக்குக் கைதியாக இருந்திருக்கிறார், உண்மையான கொலையாளியை யாருமே தேடவில்லை. எப்படிப் பார்த்தாலும் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு நியாயம் கிடைக்கவில்லை.

நேரில் பார்த்த சாட்சி இல்லாத கொலை வழக்குகளில் அரசுத் தரப்பு பெரிதும் நம்புவது ஒப்புதல் வாக்குமூலத்தின் "ஏற்கத்தக்க பகுதி"யைத்தான். போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. அதன் மூலம் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள வரிகள் மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவான இது, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் கோப்புகளைப் புரட்டினாலும் அந்த வரி மாறுவதில்லை: "என்னை அழைத்துச் சென்றால் அரிவாளை மறைத்து வைத்திருக்கும் இடத்தை அடையாளம் காட்டி, எடுத்து ஆஜர் செய்கிறேன்." எழுதப் படிக்கத் தெரியாதவரும் "ஆஜர் செய்கிறேன்" என்றுதான் சொன்னதாக எழுதப்பட்டிருக்கிறது. இந்தச் சொற்கள் அவருடையவை அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

முறையாக எப்படிச் செய்ய வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2022-இல் சுப்ரமணியா எதிர் கர்நாடக அரசு வழக்கில் விளக்கியிருக்கிறது. முதலில் காவல் நிலையத்துக்கே இரண்டு சுயேச்சையான சாட்சிகளை வரவழைக்க வேண்டும். அவர்கள் முன்னிலையில் குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து சொல்ல வேண்டும். அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதி மகஜரின், அதாவது சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்கும் பதிவின், முதல் பகுதியை முடிக்க வேண்டும். அதன் பிறகே எல்லோரும் அந்த இடத்துக்குப் போய்ப் பொருளை எடுத்து, இரண்டாம் பகுதியை எழுத வேண்டும்.

நடைமுறை வேறு. நம் ஊரில் சாட்சிக் கையெழுத்துப் போடுபவர்கள் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் கிராம உதவியாளரும்தான். அரசு ஊழியர் பிறழ் சாட்சியாக மாற மாட்டார் என்பதே அவர்களைத் தேர்ந்தெடுக்கக் காரணம். சுயேச்சையான சாட்சி என்ற நோக்கம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. குறுக்கு விசாரணையில் நான்கே கேள்விகள் போதும். உங்களை யார், எத்தனை மணிக்குப் போனில் அழைத்தார்? நீங்கள் போனபோது வாக்குமூலம் எழுதத் தொடங்கியிருந்தார்களா, முடித்திருந்தார்களா? எந்த வண்டியில் போனீர்கள்? மகஜரை எதன் மேல் வைத்து எழுதினார்கள்? மாலை 5 மணிக்கு வாக்குமூலம், 5.30-க்கு முப்பது கிலோமீட்டர் தள்ளி அரிவாள் என்று கோப்பில் இருந்தால், இந்தக் கேள்விகளுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

எடுத்த பொருளும் வழக்கைக் காப்பாற்றுவதில்லை. ஊர்ப் பொதுக் கிணற்று மேட்டிலோ சாலையோர முட்புதரிலோ எடுத்ததாக மகஜர் சொல்லும். யார் வேண்டுமானாலும் வைத்திருக்கக்கூடிய, எடுத்திருக்கக்கூடிய இடம் அது. பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95-உடன் அன்றோ மறுநாளோ நீதிமன்றம் போய்ச் சேர வேண்டிய பொருள் வாரக்கணக்கில் ஸ்டேஷனில் கிடக்கும். கடைசியில் ஆய்வறிக்கை "மனித ரத்தம், பிரிவைத் தீர்மானிக்க இயலவில்லை" என்று வரும்.

கைப்பற்றுதலை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் கேமரா புதருக்கு முன்னால் போய் நின்ற பிறகு பதிவைத் தொடங்கினால் பயனில்லை. அந்த இடம் போலீஸாருக்கு முன்பே தெரியுமா என்பதுதான் கேள்வி. பதிவு காவல் நிலையத்தில், சாட்சிகள் வந்து அமரும் நொடியிலிருந்து தொடங்கி, இடையில் நிறுத்தாமல் ஓட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. காவல் துறைத் தலைமை இயக்குநரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

மரபணுச் சோதனை வந்ததால் இந்தத் தொல்லைகள் தீர்ந்தன என்று நினைப்பது தவறு. இரண்டு மாதிரிகள் பொருந்துகின்றன என்று மட்டுமே ஆய்வகம் சொல்லும். அந்த மாதிரி யாரிடமிருந்து, எப்போது எடுக்கப்பட்டது, நடுவில் யாராவது பிரித்தார்களா என்பதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும். ரத்தம் தோய்ந்த ஈரத் துணியை பாலிதீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து மரபணு சிதையும். காற்றில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். சுருளி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் விதி வகுத்தது. உறையில் வழக்கு எண், சட்டப் பிரிவு, தேதி, புலன்விசாரணை அதிகாரி விவரம், மருத்துவர், அதிகாரி, சாட்சிகளின் கையெழுத்து இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர வேண்டும், தாமதமானால் காரணம் எழுத வேண்டும். விசாரணை நீதிமன்ற அனுமதியின்றி உறையைப் பிரிக்கவோ மறுமுத்திரை இடவோ கூடாது. மாதிரி கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் பொருள்கள் குற்றவியல் நடுவர் மன்றம் வழியாக, நடுவரின் கடிதத்தோடுதான் ஆய்வகம் போகின்றன. அங்கே நாள்கணக்கில் காத்திருந்தால் 48 மணி நேரம் காகிதத்தில் மட்டுமே இருக்கும். மாதிரி வந்த அன்றே கடிதம் கிளம்பும்படி நீதிமன்ற அலுவலகங்களும் மாற வேண்டும். இதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

கைது நேரம் அடுத்த சிக்கல். இரண்டு நாள் சட்டவிரோதக் காவலில் வைத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் அன்று காலைதான் பிடித்ததாக எழுதுவது பழைய பழக்கம். முன்பெல்லாம் குடும்பத்தார் உடனே நடுவருக்கும் எஸ்.பி.க்கும் தந்தி அடிப்பார்கள். தந்தியின் தேதியும் நேரமும் பின்னால் விசாரணையில் கைகொடுக்கும். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றது. இப்போது மின்னஞ்சலும் பதிவுத் தபாலும்தான் வழி. கூடவே, ரிமாண்டு செய்யப்படும் முதல் நாளே, காவல் நிலைய சிசிடிவி பதிவைத் தேதி, நேரம் குறிப்பிட்டுப் பாதுகாக்கக் கோரி மனு போட வேண்டும். உச்ச நீதிமன்றம் 2020-இல் 18 மாதப் பதிவைச் சேமிக்கச் சொல்லியிருந்தாலும், கேட்காமல் விட்டால் வழக்கு விசாரணைக்கு வரும்போது பதிவு இருக்காது.

போலீஸார் தாக்கல் செய்யாத ஆவணங்களிலும் உண்மை இருக்கும். மகாராஷ்டிரத்தில் 2003-இல் நடந்த கொலைகளுக்காக நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த 6 பேரில் 3 பேரின் மரண தண்டனையை உச்ச நீதிமன்றமே 2009-இல் உறுதி செய்து, மற்ற 3 பேரின் ஆயுள் தண்டனையையும் மரண தண்டனையாக்கியது. 2019 மார்ச்சில் அதே நீதிமன்றம் அந்த 6 பேரையும் விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. முக்கியச் சாட்சி போலீஸ் ஆல்பத்தில் வேறு 4 பேரை அடையாளம் காட்டியிருந்ததும், அது மறைக்கப்பட்டதும் அப்போதுதான் கணக்கில் எடுக்கப்பட்டது. அரசுத் தரப்பு சார்ந்து நிற்காத ஆவணங்களின் பட்டியலையும் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் ஒவ்வொரு வழக்கிலும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இழப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, ஏனெனில் சட்டத்திலேயே அதிகம் இல்லை. போதிய காரணமின்றி ஒருவரைக் கைது செய்யவைத்தவர் தர வேண்டிய உச்சபட்சத் தொகை, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 399-ஆம் பிரிவிலும் 1,000 ரூபாய்தான். சட்ட ஆணையம் 2018-இல் தந்த 277-ஆவது அறிக்கை, தவறான வழக்குத் தொடர்வால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிறப்பு நீதிமன்றமும் உரிய இழப்பீடும் வேண்டும் என்றது. நாடாளுமன்றம் அதை இன்னும் சட்டமாக்கவில்லை. நம் உறுப்பினர்கள் அங்கே இதை எழுப்ப வேண்டும்.

பத்திரிகைகளிடமும் ஒரு கோரிக்கை. சிறையில் நடுவர் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு முடியும்வரை, பிடிபட்டவரின் முகம் தெரியும் படத்தை வெளியிட வேண்டாம். சாட்சி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டால் அணிவகுப்புக்கு மதிப்பில்லாமல் போகும், உண்மைக் குற்றவாளிக்கே அது சாதகமாகும். "பரபரப்பு வாக்குமூலம்" என்று நீங்கள் அச்சிடுவது நீதிமன்றத்தில் செல்லாத ஒரு தாள். அதை "போலீஸார் கூறுவது" என்றே எழுதுங்கள். பின்னாளில் ஒருவர் விடுதலையானால், கைதுச் செய்தி வந்த அதே பக்கத்தில், எந்தச் சாட்சியம் ஏன் நிற்கவில்லை என்ற விவரத்தோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர்,
மதுரை