எல்லைச் சோதனையைக் கால அட்டவணையில் காட்டுங்கள்: ஐரோப்பிய ஆணையத்தின் போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குத் தொடருந்தில் வருபவர்கள், சால்ஸ்பூர்க்கைக் கடந்ததும் வரும் ஃபிரைலாசிங் நிலையத்தில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத் தாங்களே ஊகித்துத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டியிருக்கிறது. காவலர்கள் பெட்டி பெட்டியாக வந்து, கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் பார்த்துவிட்டு இறங்கிவிட்டால் வண்டி சில நிமிடங்களில் கிளம்பிவிடும். யாரேனும் ஒருவரது ஆவணத்தில் ஐயம் எழுந்துவிட்டாலோ, மியூனிக்கில் மாறவேண்டிய வண்டி மற்ற எல்லோருக்கும் தவறிப்போகக்கூடும்.

இது திடீரென முளைத்த இடையூறல்ல. இந்த எல்லையில் 2015 முதலே சோதனை நடக்கிறது. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் அதை நடத்தி, தவணை தவணையாக நீட்டித்தும் வருகிறது. முன்கூட்டியே தெரிந்த காரணத்துக்காகச் சோதனையைக் கொண்டுவரும் நாடு நான்கு வாரங்களுக்கு முன்பே உங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று, உள் எல்லைகளில் சோதனையின்றிப் பயணிக்க வகைசெய்யும் ஷெங்கன் நாடுகளின் எல்லை விதித்தொகுப்பு சொல்கிறது. அப்படி உங்களுக்கு வந்து சேரும் தகவல், பயணச்சீட்டு வாங்குபவரின் கண்ணில் ஏன் படுவதில்லை? லண்டனிலிருந்து ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்குச் செல்லும் யூரோஸ்டார் தொடருந்துக்குச் சோதனை ஏறுமுன்பே நடக்கிறது, எவ்வளவு முன்னதாக வரவேண்டும் என்றும் சொல்லிவிடுகிறார்கள். அதனால் அங்கே யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

இழப்பீட்டு விதிதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ள பயணிகள் உரிமை ஒழுங்குவிதியின்படி, ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 விழுக்காடும் இரண்டு மணி நேரத்துக்கு 50 விழுக்காடும் திரும்பக் கிடைக்க வேண்டும். ஆனால் தாமதத்துக்குக் காவல்துறை நடவடிக்கை காரணமானால், நிறுவனம் பணம் தரவேண்டியதில்லை என்று 19ஆம் பிரிவு விலக்களிக்கிறது. தண்டவாளத்தில் ஆள் புகுந்ததற்கும் மின்கம்பி திருட்டுப்போனதற்கும் நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாதுதான். மாதக்கணக்கில் தொடரும் என்று நாள் குறித்து அறிவித்த சோதனையையும் அந்த வரிசையில் சேர்ப்பது எந்த வகையில் நியாயம்? மாற்று வண்டியோ பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையோ அப்போதும் இருக்கிறது என்பீர்கள். தனித்தனிச் சீட்டு வாங்கியவருக்கு, தவறிய இணைப்பு வண்டியைப் பொறுத்தவரை அதுவும் இல்லை. சில நிறுவனங்கள் அடுத்த வண்டியில் ஏற்றிக்கொள்வது நல்லெண்ணத்தால் மட்டுமே.

ஆகவே, நாடுகள் தரும் அறிவிப்பு, பாதிக்கப்படும் வழித்தடங்களின் பட்டியலோடு முன்பதிவுத் தளங்களுக்குப் போய்ச்சேர வகைசெய்யுங்கள். எல்லைக்கு அடுத்த பெரிய நிலையத்தில் குறைந்தபட்ச இணைப்பு நேரத்தை அத்தளங்கள் கூட்டிக் காட்டட்டும். முன்கூட்டி அறிவித்த சோதனையை 19ஆம் பிரிவின் விலக்கிலிருந்து நீக்கும் திருத்தத்தையும் முன்மொழியுங்கள். திருத்தத்துக்குக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். முதல் இரண்டையும் டிசம்பரில் மாறும் கால அட்டவணைக்குள் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
எல்லை கடந்து பயணிக்கும் ஒருவர்